கட்டுவிரியனும் வெள்ளிக்கோல் வரையனும்: இரண்டு துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை, பள்ளிக் கல்வித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக 2024 நவம்பரில் அறிவித்தீர்கள். 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் வந்த அந்த அறிவிப்பு, வீடுகளுக்குள் நுழையும் பாம்புகளைப் பிடித்து வெளியே விடும் என்போன்றவர்கள் நெடுநாளாக எதிர்பார்த்திருந்தது. எந்த ஊரில் எத்தனை பேர் கடிபடுகிறார்கள் என்று தெரிந்தால்தான் மருந்து தேவையான ஊருக்குப் போய்ச் சேரும். அதற்கு முதலில் நன்றி.

அடுத்து விழிப்புணர்வு வேலை தொடங்கும். ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் படம் மாட்டுவீர்கள். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் சேர்ப்பீர்கள். ‘விஷப் பாம்புகள்’ என்று நான்கு படம், ‘விஷமற்ற பாம்புகள்’ என்று நான்கு படம் போடுவதுதான் வழக்கம். அந்தப் பக்கம் அச்சுக்குப் போகும் முன் ஒரே ஒரு ஜோடியைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். நம் வீடுகளுக்குள் அதிகம் குழப்பம் உண்டாக்குவது அந்த ஜோடிதான். ஒன்று கட்டுவிரியன். இன்னொன்று ஓநாய்ப் பாம்பு என்றும் சொல்லப்படும் வெள்ளிக்கோல் வரையன்.

என் கைபேசிக்கு வரும் பாம்புப் படங்கள் பெரும்பாலும் இரவில் எடுத்தவை. பதற்றத்தில் எடுத்ததால் கலங்கியிருக்கும். பல படங்களில் பாம்பு ஏற்கெனவே செத்திருக்கும். தலை நசுங்கி, உடம்பெல்லாம் புழுதி அப்பி, பக்கத்திலேயே அடித்த கம்பும் கிடக்கும். கூடவே ஒரு வரி: “அண்ணா, கட்டுவிரியன்தானே?” பெரிதாக்கிப் பார்த்தால் பல நேரம் அது வெள்ளிக்கோல் வரையன். பல்லி பிடிக்க வீட்டுக்குள் வந்த பாம்பு. மனிதரைக் கொல்லும் விஷம் அதனிடம் இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. ஆனால் எனக்கு அதைவிடப் பயம் தருவது வேறொரு வகைப் படம். உயிரோடிருக்கும் கட்டுவிரியனைக் குச்சியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “இது சும்மா விஷமில்லாததுதானே அண்ணா?” என்று கேட்டு வருவது.

இந்த இரண்டு தவறுகளும் ஒரே எடையுள்ளவை அல்ல. வெள்ளிக்கோல் வரையனைக் கட்டுவிரியன் என்று நினைத்தால் ஒரு பாம்பு அநியாயமாகச் சாகும். கட்டுவிரியனை வெள்ளிக்கோல் வரையன் என்று நினைத்தால் ஒரு மனிதர் சாவார். நான் கேட்பது முழுவதும் இந்த வேறுபாட்டிலிருந்து பிறப்பதுதான். விஷமற்ற பாம்பை அடையாளம் காட்டும் பாடத்தை, ‘இது விஷமற்றது’ என்று தைரியமாக முடிவெடுக்கும் பாடமாக எழுதாதீர்கள். ‘இது கட்டுவிரியனாக இருக்குமோ’ என்று சந்தேகப்படக் கற்றுக்கொடுக்கும் பாடமாக எழுதுங்கள்.

எப்படிப் பிரித்தறிவது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். படம் வரையப் போகிறவருக்கும் இது உதவும்.

கட்டுவிரியனின் முதுகு கருப்பு, அல்லது நீலம் ஓடிய கருப்பு. மினுமினுப்பு இருக்கும். குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக நெருங்கி நிற்கும். நம் ஆட்கள் ‘வெள்ளைக் கோடு இருந்தால் கட்டுவிரியன்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கோடு உடம்பில் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பதில்லை. வளர்ந்த கட்டுவிரியனுக்குக் கழுத்திலும் அதை அடுத்த பகுதியிலும் கோடு மங்கியிருக்கும். சிலவற்றில் அந்தப் பகுதி வெறும் கருப்பாகவே இருக்கும். வாலை நோக்கிப் போகப் போகக் கோடுகள் பளிச்சென்று தெரியும்.

வெள்ளிக்கோல் வரையனில் இது நேர்மாறு. கழுத்திலேயே முதல் பட்டை அகலமாக விழுந்திருக்கும். முன்னுடம்பில் பட்டைகள் தெளிவாக இருக்கும், வால் பக்கம் மங்கி மறைந்துவிடும். உடல் நிறம் பழுப்பு, சிலவற்றில் சாம்பல் கலந்த பழுப்பு. பட்டைகள் வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ இருக்கும். விலாப் பக்கம் இறங்கும்போது ஒவ்வொரு பட்டையும் கவட்டை போல இரண்டாகப் பிரியும். கட்டுவிரியனின் கோடு அப்படி விரிந்து பிரிவதில்லை. தலையும் வேறு. வெள்ளிக்கோல் வரையனின் தலை தட்டையாக, மூக்கு நுனி அகன்று, கழுத்திலிருந்து ஓரளவு தனித்துத் தெரியும். கருப்புக் கண்கள் சற்றுப் புடைத்திருக்கும். கட்டுவிரியனின் தலை கழுத்தோடு ஒட்டினாற்போல இருக்கும், கண் சின்னது.

நீளத்தையும் சொல்லலாம், ஆனால் ஒரு திசையில் மட்டும். வெள்ளிக்கோல் வரையன் பெரும்பாலும் ஒன்றரை அடி, இரண்டு அடிக்குள் அடங்கும். மிக வளர்ந்தால் 80 சென்டிமீட்டர் வரை போகும். கட்டுவிரியன் மூன்று அடி சாதாரணமாக இருக்கும், ஐந்து அடியைத் தாண்டியவையும் உண்டு. ஆகவே மூன்று அடிக்கு மேல் நீளமுள்ள, வெள்ளைக் கோடு போட்ட கருப்புப் பாம்பு வீட்டில் தெரிந்தால் அதைக் கட்டுவிரியனாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அதைத் திருப்பிப் போட்டு, ‘சின்னதாக இருக்கிறது, அதனால் கட்டுவிரியன் இல்லை’ என்று சொல்லவே கூடாது. முட்டையிலிருந்து வந்த கட்டுவிரியன் குட்டி ஒரு அடிக்கும் குறைவாகத்தான் இருக்கும். குட்டியில் முன்னுடம்பிலும் நடுமுதுகில் வெள்ளைப் புள்ளிகளோ கோடுகளோ தெரியும் என்பது இன்னும் சிக்கல். ‘கோடு கழுத்துக்குப் பக்கத்திலேயே தொடங்குகிறதே, அப்படியானால் வெள்ளிக்கோல் வரையன்தான்’ என்று யாராவது நினைத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இயற்கை இன்னும் சில இடங்களில் நம்மைக் குழப்புகிறது. வயதான கட்டுவிரியன் சிலவற்றில் கோடே தெரியாது. வெறும் கருப்புப் பாம்பாகப் போகும். வெள்ளிக்கோல் வரையனிலும் பட்டையே இல்லாத வெறும் பழுப்புப் பாம்புகள் உண்டு. அதே பேரினத்தைச் சேர்ந்த, அதற்கு நெருங்கிய உறவான இன்னொரு சிறு பாம்பு, பழுப்பாக இல்லாமல் கருப்பாகவே மின்னும், வெள்ளைப் பட்டைகளும் தெளிவாக இருக்கும். பழகிய கண்ணுக்கே அது ஒரு கணம் கட்டுவிரியனாகத் தெரியும். விஷமற்ற பாம்பு விஷப் பாம்பின் தோற்றத்தை ஒத்திருந்தால் எதிரிகள் அதை விட்டு விலகும் வாய்ப்பு உண்டு. இத்தகைய போலித் தோற்றத்தை ஹென்றி வால்டர் பேட்ஸ் 1862இல் வண்ணத்துப்பூச்சிகளை வைத்து விளக்கினார். உயிரியல் பாடத்தில் அவர் பெயரும் வரும். காட்டில் அந்தத் தோற்றம் உதவலாம். நம் வீட்டு வாசலில் அதே தோற்றம்தான் வெள்ளிக்கோல் வரையனைக் கொல்கிறது.

தவறவே தவறாத ஓர் அடையாளம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் அது உயிருள்ள பாம்பின் பக்கத்தில் போய்ப் பார்ப்பதற்கானது அல்ல. கட்டுவிரியனின் முதுகெலும்பின் மேல் நடுவரிசையாக ஓடும் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரியவை, ஆறு கோணம் உடையவை. வெள்ளிக்கோல் வரையனின் நடுமுதுகில் அப்படித் தனி வரிசை கிடையாது. எல்லாச் செதிலும் ஏறக்குறைய ஒரே அளவு. வாலின் அடிப்பகுதியிலும் வித்தியாசம் உண்டு. கட்டுவிரியனுக்கு அங்கே செதில்கள் ஒற்றையாக, பிரியாமல் இருக்கும். வெள்ளிக்கோல் வரையனுக்கு இரண்டிரண்டாகப் பிரிந்திருக்கும்.

இதைக் கற்றுக்கொடுக்க ஆபத்தில்லாத பொருள் ஒன்று இருக்கிறது. பாம்பு உரித்துப் போட்ட சட்டை. விறகுக் குவியலிலும் ஓட்டு இடுக்கிலும் கிடக்கும் சட்டையில் நிறம் போயிருக்கும், ஆனால் செதிலின் வடிவம் ஒன்றுவிடாமல் பதிந்திருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுமுதுகில் ஓடும் அந்தப் பெரிய அறுகோண வரிசை கண்ணாலேயே தெரியும். ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி கையில் இருந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளை எண்ணியே சொல்லிவிடும். இப்படி ஒரு சட்டையைப் பார்த்த பிள்ளை கட்டுவிரியனை மறக்காது. அதோடு, நம் வீட்டின் எந்த மூலையில் கட்டுவிரியன் போய்வருகிறது என்பதையும் அந்தச் சட்டை சொல்லிவிடும். பள்ளி ஆய்வகங்களில் எலும்புக்கூடும் பாட்டிலில் ஊறிய தவளையும் வைத்திருக்கிறோம். இரண்டு சட்டைகளை ஒரே கண்ணாடிப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வழிசெய்யுங்கள்.

செத்த பாம்பைக் கையில் எடுத்துச் செதில் பார்க்கச் சொல்லாதீர்கள் என்பதையும் பாடத்தில் சேர்க்க வேண்டும். தலை துண்டான பின்னும் சிறிது நேரத்துக்கு வாய் கடிக்கும். அது உணர்வோடு கடிப்பதல்ல, நரம்பு இயங்கிக்கொண்டிருப்பதால் நடப்பது. விஷம் மட்டும் அதே விஷம்தான்.

இனி, மக்கள் நம்பிக்கொண்டிருக்கும் சில ‘அடையாளங்கள்’. இவற்றைச் சுவரொட்டியில் வெளிப்படையாக மறுத்து எழுதினால் நல்லது, ஏனென்றால் இவை மக்களைச் சரியாக எதிர்த்திசைக்கு அனுப்புகின்றன.

தலை முக்கோணமாக இருந்தால்தான் விஷம் என்று பரவலாகச் சொல்கிறார்கள். கண்ணாடி விரியனுக்கு அது பொருந்தும். கட்டுவிரியனின் தலை முக்கோணம் இல்லை. ஜோடியில் தலை தட்டையாகவும் அகலமாகவும் தெரிவது விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனுக்குத்தான். இந்த விதியை நம்பினால் சரியாகத் தவறான பாம்பை விட்டுவிடுவோம்.

இரண்டு பல் தடம் இருந்தால் விஷப் பாம்பு, இல்லாவிட்டால் இல்லை என்பது இன்னொன்று. வெள்ளிக்கோல் வரையனுக்கு முன்பக்கப் பற்கள் சில பெரியவை. அது கடித்தால் தெளிவாகத் தடம் விழும், ரத்தமும் வரும். கட்டுவிரியனின் பல் சின்னது. பல நேரம் கடித்த இடமே தெரியாது. எறும்போ கொசுவோ கடித்ததாக நினைத்துத் தூக்கத்தில் தேய்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எதுவும் நடந்ததே தெரியாமல் தூங்குகிறவர்களும் உண்டு.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் அச்சம் தருவது: குணத்தை வைத்து முடிவு செய்வது. வெள்ளிக்கோல் வரையன் கோபக்காரப் பாம்பு. பிடித்தால் சட்டென்று திரும்பிக் கடிக்கும், கவ்வியும் கொள்ளும். கட்டுவிரியனோ பகலில் மந்தமாக இருக்கும். சுருண்டு, தலையை உடம்புக்கு அடியில் ஒளித்துக்கொள்ளும். சீண்டினாலும் பெரும்பாலும் கடிக்க வராது. பகலில் அதைக் கண்ட ஒரு பையன் ‘பாவம், சாதுவான பாம்பு’ என்று கையில் எடுக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது. இருட்டிய பின் அதே பாம்பு சுறுசுறுப்பாகும். இரை தேடி எலி, தவளை, பல்லி, மற்ற பாம்புகள் என்று போகும். வெள்ளிக்கோல் வரையனும் அதற்கு இரைதான்.

சுவரேறும் பாம்பெல்லாம் வெள்ளிக்கோல் வரையன் என்றும் சிலர் சொல்வார்கள். பல்லியைத் துரத்திச் சுவரிலும் கூரையிலும் ஏறுவது அதன் பழக்கம் என்பது உண்மை. கட்டுவிரியன் பெரும்பாலும் தரையிலேயே இருக்கும். ஆனாலும் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லின் மேல் யாருடைய உயிரையும் வைக்க முடியாது.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த பையன் நள்ளிரவில் எழுந்து கால் அரிக்கிறது என்று சொல்லியிருக்கிறான். அப்பா டார்ச் அடித்துப் பார்த்தபோது மூலையில் ஒரு சின்னப் பாம்பு. கட்டுவிரியனுக்குக் கோடு இரண்டிரண்டாக இருக்கும் என்று எங்கோ ஒரு காணொளியில் அவர் பார்த்திருக்கிறார். இதில் கோடுகள் ஒற்றை ஒற்றையாகத் தெரிந்ததால் ‘விஷமில்லாதது’ என்று தேற்றிப் படுக்க வைத்துவிட்டார். கற்றது பொய்யில்லை, அரைகுறை. காலில் வீக்கமும் இல்லை, வலியும் இல்லை. விடியற்காலையில் பையனுக்கு வயிற்றுவலி. முந்தின நாள் சாப்பாட்டின்மேல் பழி விழுந்தது. அவனுக்கு இமை தூக்க முடியாமல் போனதைப் பாட்டி பார்த்துவிட்டுக் கத்தியதால்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பல நாள் வென்டிலேட்டரில் கிடந்து பிழைத்தான். அந்தப் பாட்டிக்குப் பாம்பைப் பற்றி எதுவும் தெரியாது. பேரன் முகத்தைப் பார்க்கத் தெரிந்திருந்தது.

கட்டுவிரியனின் விஷம் நரம்பு முனைகளைத் தாக்குகிறது. வயிற்றுவலி, வாந்தி, இமை சரிவது, பேச்சுக் குழறுவது, எச்சில் விழுங்க முடியாமல் போவது, கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுபோவது என்று வரும். நரம்பு முனையில் ஏற்கெனவே விழுந்த சேதத்தை விஷமுறிவு மருந்தால் திருப்ப முடியாது. ரத்தத்தில் இன்னும் சுற்றும் விஷத்தைத்தான் அது கட்டும். ஆகவே ஒரு மணி நேரம் முன்னால் போவதற்கும் பின்னால் போவதற்கும் இடையில் உள்ள வித்தியாசம் பெரிது. தாமதமானால் நரம்பு முனைகள் தாமாகச் சீராகும் வரை நாட்கணக்கில் செயற்கைச் சுவாசம்தான் துணை.

ஆஸ்பத்திரியில் முதலில் செய்யும் ரத்தப் பரிசோதனையும் இங்கே உதவாது. சுத்தமான கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடித்திருந்தால் ரத்தம் உறையாமல் போகும். கட்டுவிரியன் கடித்தவரின் ரத்தம் நன்றாகவே உறையும். வீக்கமில்லை, தடமில்லை, ரத்தமும் சரியாக இருக்கிறது, கூட வந்தவர்கள் வேறு ‘விஷமில்லாத பாம்புதான்’ என்கிறார்கள். உங்கள் மருத்துவர்கள் இதையெல்லாம் அறிந்தவர்கள்தான். ஆனால் நோயாளியை முதலில் பார்ப்பது எப்போதும் மருத்துவர் இல்லை. வாசலில் சீட்டு எழுதுபவர், இரவுப் பணியில் இருக்கும் செவிலியர், 108 வண்டியில் வருபவர் ஆகியோரும் இதை அறிந்திருக்க வேண்டும். குடும்பத்தார் பாம்பின் பெயர் என்ன சொன்னாலும் சரி, இரவில் தரையில் படுத்து எழுந்தவருக்குக் காரணம் தெரியாத வயிற்றுவலியும் இமைச் சரிவும் இருந்தால், கட்டுவிரியனை நினைக்க வேண்டும். அறிகுறி இல்லாவிட்டாலும் ஒரு நாள் முழுக்கக் கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

“அப்படியானால் பாம்பை அடையாளம் காணவே வேண்டாமே?” என்று நீங்கள் கேட்கலாம். கடிபட்டவருக்கு வேண்டாம் என்பதே என் பதில். நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுவது. பாம்பை அடித்து மஞ்சப்பையில் போட்டு எடுத்துவர வேண்டிய தேவையே இல்லை. பாம்பைத் தேடி இன்னொருவர் கடிபட்டது உண்டு. தள்ளி நின்று ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுக்கலாம், முடியாவிட்டால் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108க்கு அழைப்பது ஒன்றே வேலை.

யாரும் கடிபடாதபோதுதான் அடையாளம் காண்பது பயன்படும். சுவரில் ட்யூப்லைட் ஓரம் பல்லிக்காகக் காத்திருக்கும் அந்தப் பழுப்புப் பாம்பைப் பார்த்து, அடிக்கக் கம்பு தேடாமல், பிள்ளைகளை அப்பால் அழைத்துக்கொண்டு, தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்து, தீயணைப்பு நிலையத்துக்கோ பாம்பு பிடிக்கத் தெரிந்தவருக்கோ சொல்லி அனுப்பும் நிதானம் வருமே, அதற்குத்தான் இந்த அறிவு. அது வெள்ளிக்கோல் வரையனானாலும் கட்டுவிரியனானாலும் நாம் செய்ய வேண்டியது ஒன்றேதான். தெரிந்துகொண்டால் பயம் குறையும். பயம் குறைந்தால் கை ஓங்காது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம், ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் என்று 2020இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். 2030க்குள் இந்த மரணங்களைப் பாதியாகக் குறைப்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. 2024இல் மத்திய அரசு வெளியிட்ட தேசியச் செயல்திட்டத்துக்கும் அதுவே இலக்கு. மருந்தும் வென்டிலேட்டரும் மட்டும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்காது என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆகவே என் வேண்டுகோள்கள் இவை.

சுவரொட்டியில் ஓவியம் வேண்டாம், புகைப்படம் போடுங்கள். பட்டப்பகலில் சுத்தமான மணலில் கிடத்தி எடுத்த படம் மட்டும் போதாது. டார்ச் வெளிச்சத்தில், பாதி உடம்பு துணிக்குள் மறைந்திருக்கும் படமும் வேண்டும், ஏனென்றால் மக்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள். இரண்டு பாம்புகளின் கழுத்துப் பகுதியையும் வால் பகுதியையும் தனித்தனியாக வெட்டி ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள். கட்டுவிரியன் குட்டியின் படமும் கோடு இல்லாத கட்டுவிரியனின் படமும் கண்டிப்பாக இருக்கட்டும். அதே தாளில், வெள்ளிக்கோல் வரையன் படத்துக்கு மேல் உள்ள எழுத்தைவிடப் பெரிய எழுத்தில், “சந்தேகமா? கட்டுவிரியன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடித்ததா? பாம்பைப் பார்க்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்” என்று எழுதுங்கள். அடையாளம் காட்டும் தாளையும் முதலுதவித் தாளையும் தனித்தனியாக அச்சிட்டால் முதல் தாள் மட்டும் வாட்ஸப்பில் சுற்றும். அதை நான் பார்த்துவிட்டேன்.

கட்டுவிரியன் கடியைத் தடுக்கும் வழியும் அதே தாளில் வர வேண்டும். தரையில் படுக்காமல் கட்டிலில் படுப்பது, முடியாதவர்கள் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நான்கு பக்கமும் செருகிக்கொள்வது, இரவில் வெளியே போனால் டார்ச் எடுப்பது. கட்டில் வாங்க வசதியில்லாத வீடுகளில்தான் கட்டுவிரியன் அதிகம் கடிக்கிறது. அங்கே இலவசமாக ஒரு கொசுவலை கொடுப்பது நூறு சுவரொட்டிக்குச் சமம் என்பது என் நம்பிக்கை. மழைக்காலத்துக்கு முன் கொடுத்தால் இன்னும் நல்லது.

பள்ளிக் கல்வித் துறையிடம் தனியாக ஒன்று. இந்தப் பாடத்தை நடத்த இருளர் பழங்குடியினரை அழைத்து வாருங்கள். 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் இன்றும் இயங்குகிறது. நாட்டின் விஷமுறிவு மருந்துக்குத் தேவையான விஷத்தில் பெரும்பங்கு அவர்கள் கையால் எடுக்கப்பட்டது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மண்ணில் விழுந்த தடத்தைப் பார்த்தே எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போனது என்று சொல்லக்கூடியவர்கள் அந்தச் சமூகத்தில் இருக்கிறார்கள். அவர்களைப் பாம்பைக் கையில் பிடித்துக் காட்டும் வேடிக்கைக்காக அல்ல, ஆசிரியர்களாக, உரிய மதிப்பூதியத்துடன் அழையுங்கள். பாம்பு சட்டையை விரித்து வைத்து அவர்கள் பேசும் ஒரு மணி நேரம், பாடப்புத்தகத்தின் நாலு வண்ணப் படத்தைவிட நன்றாக மனதில் நிற்கும்.

மற்ற ஜோடிகளும் உண்டு. கண்ணாடி விரியனையும் மண்ணுளி வகைப் பாம்பையும் குழப்பிக்கொள்கிறார்கள்; சுருட்டை விரியனையும் பூனைப் பாம்பையும் குழப்பிக்கொள்கிறார்கள்; சாரையை நல்ல பாம்பு என்று அடிப்பது தினமும் நடக்கிறது. அவற்றையும் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் முதல் தாள் கட்டுவிரியனுக்கும் வெள்ளிக்கோல் வரையனுக்கும்தான் போக வேண்டும், ஏனென்றால் மற்றவற்றை மக்கள் பெரும்பாலும் வயலிலும் வரப்பிலும் விழித்திருக்கும்போது சந்திக்கிறார்கள். இவை இரண்டும் படுக்கைப் பக்கத்துக்கே வருகின்றன.

இரு பாம்புகளின் குட்டி, வளர்ந்தது, கோடு மங்கியது என்று பல நிலைகளில் நான் எடுத்த புகைப்படங்களும், பெயரிட்டுப் பிரித்து வைத்த சட்டைகளும் என்னிடம் இருக்கின்றன. எந்தக் கட்டணமும் இல்லாமல் இரு துறைகளும் அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளலாம். சுவரொட்டி அச்சுக்குப் போகும் முன் அந்தப் படங்களை ஒரு பாம்பு நிபுணரும், கட்டுவிரியன் கடிக்கு வைத்தியம் பார்த்த ஓர் அரசு மருத்துவரும் சேர்ந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை.

நன்றியுடன்,
வீட்டுக்குள் வரும் பாம்புகளைப் பிடித்து விடும் ஒருவன்